வெயிலுக்கு மட்டும் விரியும் குடை

எந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பும் மேடம் வாசலில் ஒரு கணம் கண்ணை மூடி நிற்பார். "ஆண்டவனே, இந்த வீட்டில் திருடன் யாரும் இல்லாமல் இருக்கட்டும்" என்பதுதான் அவருடைய வேண்டுதல்.

"துப்பறியும் நிலையம் நடத்துறவங்க வேண்டுற வேண்டுதலா மேடம் இது?" என்றான் சில்லறை. "கடவுள் ஒரு நாள் கேட்டுத் தொலைச்சிட்டார்னா நம்ம அடுப்புல பூனை தூங்கும்."

"கேட்கிறது நம்ம வேலை, குடுக்கிறது அவர் வேலை. மணியை அடி."

சில்லறை அடித்தான். அவன் முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவன். இப்போது தலையில் நரை விழுந்து, மேடத்தின் உதவியாளனாகிவிட்ட பிறகும் சட்டைப் பையில் நாணயங்களைக் குலுக்கும் பழக்கம் போகவில்லை. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது மாடி வீட்டின் கதவைத் திறந்தவர் அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வீட்டுக்குள்ளேயும் சட்டையில் 'செயலாளர்' என்ற வில்லையைக் குத்தியிருந்தார். மறந்துவிடுவாரோ என்ற பயமோ என்னவோ.

"உட்காருங்க. மூணு திருட்டு. மூணும் என் வீட்டு ஜன்னலுக்கு வெளியே. முதல்ல ஒரு பூச்சட்டி. அப்புறம் ஒரு அறிவிப்புப் பலகை. நேத்து என் கால்சட்டை."

சில்லறை மிகுந்த அனுதாபத்தோடு, "உள்ளே நீங்க இருந்தீங்களா சார்?" என்றான்.

"என்னது?"

"கால்சட்டைக்குள்ளே."

"கொடியில காய்ஞ்சிட்டு இருந்துச்சு!"

மேடம் இருமி, பேச்சைத் தண்டவாளத்தில் ஏற்றினார். "பலகையில என்ன எழுதியிருந்தீங்க?"

"'எதிர்க் கட்டடத்தார் இந்தப் பக்கம் பார்க்கக் கூடாது.' தெளிவா, பெரிசா." செயலாளரின் குரலில் பெருமை வழிந்தது. "எங்களுக்கும் எதிர்க் கட்டடத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவங்க ஆளு இங்கே நுழைய முடியாது, எங்க ஆளு அங்கே போக முடியாது."

"என்ன சண்டை?"

செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "அது முந்தைய செயலாளர் காலத்துச் சண்டை. காரணம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவர் எங்கே?"

"காலமாயிட்டார். சண்டையை மட்டும் நான் விடாம பார்த்துக்கறேன்."

திருடி யார் என்பதும் தமக்குத் தெரியும் என்றார். அவருடைய மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஏஜென்சி ஒன்று ஒரு நர்ஸை அனுப்பியிருக்கிறது. அந்த நர்ஸ்தான் திருடி.

"தினமும் மத்தியானம் ஜன்னல்ல நின்னு குடையை வெளியே நீட்டுறா. வெயில் அடிச்சா விரிக்கிறா. மழை பெய்ஞ்சா மடக்கிடறா! ஊர் உலகத்துல எவனாவது இப்படிக் குடை பிடிப்பானா? இன்னொரு கையில செல்போனை நீட்டிக்கிட்டு சிலை மாதிரி நிக்கிறா. காதுல வைக்கிறதில்ல, பேசுறதில்ல. இது சிக்னல் இல்லாம வேற என்ன? கூட்டாளிக்குச் சொல்றா, வந்து எடுத்துட்டுப் போன்னு."

"உங்க கால்சட்டையை எடுக்க ஒரு கூட்டமா சார்? எந்தக் கால் யாருக்குன்னு சண்டை வருமே" என்றான் சில்லறை.

செயலாளர் அவன் பக்கமே திரும்பவில்லை. "சாயந்திரம் ஏஜென்சி வண்டி வருது. அவளைத் திருப்பி அனுப்பறேன். திருடின்னு எழுதியும் குடுக்கப் போறேன். அதுக்கப்புறம் எந்த வீட்டுலயும் அவளை வாசற்படி மிதிக்க விடமாட்டாங்க. நீங்க அதுக்குள்ளே சாட்சியைப் பிடிச்சுக் குடுங்க, போதும்."

ஒருத்தியின் பிழைப்பு சாயந்திரம் வரைக்கும்தான் என்பதை அவர் மின்தடை அறிவிப்பைப் போலச் சொல்லி முடித்தார். மேடத்தின் முகம் லேசாகச் சுருங்கியதைச் சில்லறை பார்த்தான்.

"நோயாளியைப் பார்க்கலாமா?" என்றார் மேடம்.

படுக்கை அறையில் கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. செயலாளரின் மனைவி மல்லாந்து படுத்திருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கால் மட்டும் தலையணைக் குவியலின் மேல், மலை உச்சியில் நட்ட கொடிக்கம்பம் போல ஏறி நின்றது.

"காலை உயரமா வைக்கணும்னு டாக்டர் சொன்னார்" என்றாள் அவள், சில்லறையின் பார்வையைப் புரிந்துகொண்டு.

"உயரம்னா எந்த மாடின்னு சொல்லலியா அம்மா?"

அந்த அம்மாள் சட்டென்று சிரித்துவிட்டாள். சிரித்து வெகுநாளானவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. செயலாளர் அறைக்குள் வரவில்லை. நிலைப்படியில் நின்றபடி குப்பைத் தொட்டி விதிமுறைகளைச் சில்லறைக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்..." என்று தொடங்கினாள் மனைவி.

"இரு, பேசிட்டு இருக்கோம்ல" என்றார் அவர், திரும்பாமலே.

நர்ஸ் கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். அழுது முடித்து முகம் கழுவிய கண்கள். தண்ணீர்க் குவளையை எடுக்க வலது கையை நீட்டியவள் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கைக்கு மாறினாள். அவளிடமிருந்து வலித் தைலம் மணத்தது. கட்டிலுக்கு அருகில் ஒரு மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, ஒரு செடியை நட்டு வைத்திருந்தார்கள்.

"குடை உன்னோடதாம்மா?" என்றார் மேடம்.

"ஆமாங்க மேடம். நீட்டினதும் நான்தான். திருடல."

"எதுக்கு நீட்டின?"

"வெயிலுக்கு."

"யார் மேல அடிச்ச வெயிலுக்கு? நீ நிழல்ல நிக்கிற. அம்மா நிழல்ல படுத்திருக்காங்க."

நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு நிலைப்படியில் நின்ற செயலாளரைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சொல்லும்மா. சாயந்திரம் உன்னை அனுப்பிடுவாங்க."

"என்னை அனுப்பினா நான் ஒருத்திதான் மேடம் கஷ்டப்படுவேன்" என்றாள் அவள் மெல்ல.

மேடம் செயலாளரிடம் திரும்பினார். "அவங்க செல்போன் எங்கே?"

"பறிமுதல் பண்ணி வெச்சிருக்கேன்." செயலாளர் அதைத் தம் பையிலிருந்து எடுத்துத் தந்தார். பழைய மாடல்தான். ஆனாலும் அந்த நாளைக்கு வசதியானது. செல்போனில் பேசுவதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. இணையம் என்பது மேசைக் கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் சமாச்சாரம் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள்.

"எப்படிப் பிடிச்சிருந்தாங்க?" என்று கேட்டு, செயலாளர் காட்டிய அதே கோணத்தில் மேடம் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். வெளியே இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் குறுகலான ஒரு சந்து. இந்த ஜன்னலிலிருந்து ஒருவரும் அந்த ஜன்னலிலிருந்து ஒருவரும் கையை நீட்டினால், விரல் நுனிகளுக்கு நடுவே ஒரு முழம் மிஞ்சும். கை குலுக்கவும் முடியாது, ஒன்றை வாங்கவும் முடியாது. எதிர் ஜன்னலின் திரைச்சீலை இடுக்கில் ஏதோ சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

போன் கீச்சென்றது.

சில்லறை எட்டித் திரையைப் படித்தான். "'அருகில் ஒரு சாதனம் உங்களைத் தேடுகிறது. இணைக்கவா?' மேடம்! நம்மளையும் தேடுறாங்க மேடம்! இத்தனை வருஷத்துல நாமதான் எல்லாரையும் தேடிட்டு இருந்தோம்!"

எதிர் ஜன்னலின் திரைச்சீலை முழுக்க விலகியது. உள்ளிருந்து ஒரு நீளக் கரண்டி மெல்ல வெளியே நீண்டது. கரண்டியின் நுனியில் ரப்பர் வளையங்களால் கட்டிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, உள்ளங்கை அளவில். கரண்டி ஆவலோடு நடுங்கிக்கொண்டே மேடத்தின் கையை நோக்கி வந்தது. அடுத்த கணம் கரண்டிக்காரருக்கு மேடத்தின் முகம் தெரிந்திருக்க வேண்டும். கரண்டி பாம்பு புற்றுக்குள் போவது போல உள்ளே போய்விட்டது.

"ஆயுதம்!" என்றார் செயலாளர்.

"கரண்டி சார். குழம்பு ஊத்த வந்தவரா இருக்கும்" என்றான் சில்லறை. மேடம் அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தார்.

எதிர்க் கட்டடத்தின் வாசலில் காவலாளி ஒருவர் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"நாங்க ரொம்ப தூரம்ணே. ரெண்டு பஸ் மாறி..." என்று சில்லறை பொய்யை ஸ்டார்ட் செய்தான்.

"எதிர்க் கட்டடத்துல இருந்துதான் வர்றோம்" என்றார் மேடம்.

காவலாளி எழுந்து நின்றுவிட்டார். தலையைச் சொறிந்தார். "அந்தக் கட்டடத்து ஆளுங்க திருட்டுத்தனமா நுழைஞ்சா விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இப்படி நேரா சொல்லிட்டு வந்தா என்ன பண்றதுன்னு யாரும் சொல்லலியே!"

"அப்போ விடலாம்தானே?"

"விடலாம்போலத்தான் இருக்கு" என்று நாற்காலியை நகர்த்தினார் அவர்.

படியேறும்போது சில்லறை முணுமுணுத்தான். "உண்மையைச் சொன்னா இவ்வளவு சுலபமா வேலை நடக்கும்னா, நான் கண்டக்டரா இருந்தப்பவே யாராவது சொல்லியிருக்கலாம்."

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவர் ஓய்வு பெற்ற ரயில் டிரைவர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். வாழ்நாள் முழுக்க எஞ்சின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பேசியவரல்லவா, காதும் கொஞ்சம் மந்தம். கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்தார்.

"அந்தப் பொண்ணை ஒண்ணும் பண்ணாதீங்கம்மா! தப்பு என் மேலதான்!" என்றார் எடுத்த எடுப்பில். மாடிப்படி முழுக்க எதிரொலித்தது.

மேடம் அவரை உட்கார வைத்தார். கரண்டியிலிருந்து பெட்டியைக் கழற்றி மேசை மேல் வைத்தார் டிரைவர். அது ஒரு கையடக்கக் கம்ப்யூட்டர். திரையின் ஓரம் தேய்ந்து, எழுதும் குச்சி தொலைந்து, அதற்குப் பதில் ஒரு பல்குத்தி செருகியிருந்தது.

"என் பொண்ணு கப்பல்ல எஞ்சின் பார்க்கிறா. போகும்போது இதைக் குடுத்து, 'அப்பா, இதுல இங்கே தட்டுங்க, இங்கே எழுதுங்க, மெயில் போகும்'னு சொல்லிக் குடுத்துட்டுப் போனா. எனக்கு இது ஒண்ணுதான் தெரியும். வேற கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார வெச்சா ஸ்டேஷன் தெரியாத ஊர்ல வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு."

"இதுல தனியா இணையம் வராதே?"

"வராது. ஒரு செல்போன் வேணும். இதோ பாருங்க, இதுக்கு இங்கே ஒரு கறுப்புக் கண் இருக்கு. போன்லயும் அதே மாதிரி கண் இருந்தா, ரெண்டையும் நேருக்கு நேர் காட்டணும். நமக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்துல ரெண்டும் பேசிக்கும். நடுவுல ஒரு துரும்பு வந்தாலும் பேச்சு நின்னுடும். கை ஆடினா நின்னுடும். வெயில் பட்டா கண்ணு கூசி நின்னுடும். மழை பெய்ஞ்சா அன்னிக்கு மெயிலே கிடையாது."

சில்லறை நெற்றியில் அடித்துக்கொண்டான். "குடை!"

"ஆமாம்பா, குடை. என் போன்ல கண் கிடையாது. ஒரு நாள் ஜன்னல்ல நின்னு இதை வானத்தைப் பார்த்து நீட்டிக்கிட்டு இருந்தேன், எங்கேயாவது மாட்டாதான்னு. எதிர் ஜன்னல்ல அந்த நர்ஸ் பொண்ணு, 'என்னய்யா தேடுறீங்க?'ன்னு கேட்டுச்சு. அதோட போன்ல கண் இருந்துச்சு. முன்னாடி வேலை பார்த்த வீட்டுல அன்பா குடுத்த போனாம். அங்கே நான் போக முடியாது, நோயாளியை விட்டுட்டு அதால இங்கே வர முடியாது. அதான் ஆளுக்கொரு பக்கம் நீட்டினோம். என் கை எட்டல, கரண்டியைக் கட்டினேன். மெயில் ஒவ்வொரு எழுத்தா இறங்கும்மா. அது வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு கையை இறக்காது. எனக்கு யாரு அது? ஒரு உறவும் இல்ல."

தைலத்தின் மணம் எதற்கு என்று சில்லறைக்கு இப்போது புரிந்தது. அவனுக்கே வலது தோள் லேசாக வலித்தது.

"உங்களுக்காகத்தான் அவங்க வாயைத் திறக்கல" என்றார் மேடம். "சொன்னா செயலாளர் ஜன்னலை அடைச்சிடுவார்னு பயம்."

ஆனால் சில்லறை துப்பறியும் நிலையத்தின் ஊழியன். செஞ்சோற்றுக் கடன் அவனை விடவில்லை. கரண்டியை எடுத்துப் பார்த்தான். "ஐயா, கோபப்படாதீங்க. பூச்சட்டி, பலகை, கால்சட்டை. மூணையும் இதால நீங்க கொக்கி போட்டு..."

"நீட்டிப் பாரு" என்றார் மேடம்.

சில்லறை ஜன்னலில் வயிற்றை வைத்து, கரண்டியை முழுக்க நீட்டினான். எதிர்ச் சுவரில் வெறும் ஆணிகள் தெரிந்தன. எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினான். மேடம் அவன் பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"எட்டல மேடம். எட்டியிருந்தா இந்நேரம் எனக்கும் மாவுக்கட்டு."

"சில்லறை, ஒரு திருடன் பூச்சட்டியை எதுக்கு எடுப்பான்?"

"செடி வளர்க்க."

"பலகையை?"

"அதை எழுதினவர் மேல இருக்கிற கோபத்துல."

"கால்சட்டையை?"

"அது ஒண்ணுக்குத்தான் நியாயமான காரணமே இல்ல."

"மூணுக்கும் ஒரே காரணம். மூணும் எங்கே தொங்கிச்சு? அந்த ஜன்னலுக்கும் இந்த ஜன்னலுக்கும் நடுவுல, இந்த ரெண்டு கண்ணும் பார்த்துக்கிற கோட்டுல. திருடினவங்களுக்குப் பொருள் வேண்டாம் சில்லறை. பொருள் இருந்த இடம்தான் வேணும். காலி இடம்."

சில்லறை வாய் பிளந்தான். காற்றைத் திருடியவனைப் பிடிக்க இதுவரை யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை.

டிரைவர் தலையசைத்தார். "எனக்கும் ஆச்சரியம்தான். ஏதாவது ஒண்ணு குறுக்கே வந்து தொங்கும், 'எதிரில் யாரும் இல்லை'ன்னு இது காட்டும். மறுநாள் பார்த்தா அது இருக்காது. ஆண்டவனே எடுத்து ஓரமா வெச்சிட்டார்னு நெனச்சேன்."

"அவர் எப்பவும் யார் கையையாவது வெச்சுத்தான் எடுப்பார்" என்றார் மேடம். "உங்க ஜன்னல்ல இருந்து பார்த்தா வேற ஏதாவது மாற்றம் தெரிஞ்சுதா?"

"நான் ரயில் ஓட்டினவன். சிக்னல் கை ஏறுதா இறங்குதான்னு கண்ணு தானா பார்க்கும்." டிரைவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "அந்த அம்மாவோட கால் இருக்கே... முதல்ல ஜன்னல் விளிம்புக்கு மேல கட்டை விரல் மட்டும்தான் தெரியும். பூச்சட்டி காணாமப்போன அன்னிக்குப் பாதம் பூராத் தெரிஞ்சுது. பலகை போன அன்னிக்குக் கணுக்கால். நேத்து அதுக்கும் மேல ஏறிடுச்சு."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு புன்னகைத்தார். "சில்லறை, கிளம்பு. ஐயா, நீங்க ஜன்னலை விட்டு நகராதீங்க. கரண்டி தயாரா இருக்கட்டும்."

அவர்கள் திரும்பி வந்தபோது கீழே ஏஜென்சி வண்டி வந்து நின்றிருந்தது. படுக்கை அறைக் கதவோரம் நர்ஸின் துணிப்பை தயாராக இருந்தது. அவள் கடைசியாக ஒரு முறை போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

மேடம் டிரைவரைப் பற்றிச் சொல்லி முடிக்கும் முன்பே செயலாளர் துள்ளினார். "பார்த்தீங்களா! எதிர்க் கட்டடம்! நான் சொன்னேன்ல, கூட்டாளின்னு! கரண்டிக்காரன்தான் திருடன்!"

"அவருக்கு எட்டாது. நாங்க அளந்து பார்த்தாச்சு."

"அப்போ இவதான்!"

"இவங்களுக்கு ஒரு கையில போன், இன்னொரு கையில குடை. அந்த நேரம் போக மீதி நேரம் தோள்பட்டையைத் தூக்கவே முடியாது." மேடம் கட்டிலின் அருகே போய் உட்கார்ந்தார். குரல் மிகவும் மென்மையாகிவிட்டது. "அம்மா, உங்க காலைக் கொஞ்சம் தூக்கிக்கலாமா?"

செயலாளரின் மனைவி நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் பதறி முன்னால் வந்தாள். "வேண்டாம் மேடம். நான் போயிடறேன். கீழே வண்டி நிக்குது."

"உனக்குத் தெரியும்" என்றார் மேடம்.

"படுக்கையை மாத்துறவ நான். எனக்குத் தெரியாதா? படுத்துக் கிடக்கிறவங்களைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?"

அந்த அம்மாள் தானே காலைத் தூக்கிக்கொண்டாள். மேடம் தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். முதல் உறைக்குள் பஞ்சுக்கு நடுவே, மடிப்புக் கலையாமல், ஒரு கால்சட்டை இருந்தது. அதற்குக் கீழே 'எதிர்க் கட்டடத்தார் இந்தப் பக்கம் பார்க்கக் கூடாது'. எல்லாவற்றுக்கும் அடியில், நல்ல அஸ்திவாரமாக, கவிழ்த்து வைத்த பூச்சட்டி. அதிலிருந்த செடிதான் மருந்து பாட்டிலில் துளிர்விட்டுக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில், உயரக் கொடியில் துணி மாட்டும் கொக்கிக் கம்பு படுத்திருந்தது.

"அம்மா, நீங்க திருட்டு மேலயே காலை நீட்டிட்டு இருந்தீங்களா?" என்று சில்லறை வியந்தான். "போலீஸ்காரங்க தேடுற எல்லா இடத்தையும் விட இது நல்ல இடம்."

செயலாளர் முதல் முறையாக நிலைப்படியைத் தாண்டி அறைக்குள் வந்தார். "நீயா? என் வீட்டுலயே... என் பெண்டாட்டியே... ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேனே!"

"எப்போ?"

"பூச்சட்டியை எடுத்த அன்னிக்கே சொன்னேன். 'ஏங்க, பூச்சட்டியை நான்தான் எடுத்தேன்'னு. 'தண்ணி ஊத்தினியா?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டீங்க. பலகையை எடுத்ததும் சொன்னேன். 'பத்திரமா வை'ன்னீங்க. நேத்து ராத்திரி, 'கால்சட்டையை நான்தாங்க எடுத்தேன்'னு அழுதுக்கிட்டே சொன்னேன். 'அயர்ன் பண்ணிடு'ன்னீங்க. காலையில இருந்து ஏங்க ஏங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். இந்தப் பொண்ணைத் திருடின்னு சொல்றீங்க, தாங்கல எனக்கு. நீங்க குப்பைத் தொட்டியைப் பத்திப் பேசிட்டு இருந்தீங்க."

சில்லறையின் நாக்கில் ஒரு நகைச்சுவை வந்து நின்றது. அதை அவன் விழுங்கிவிட்டான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

செயலாளர் எதிர் ஜன்னலைக் காட்டினார். "அது... அந்தக் கிழவரோட மெயிலுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

"அவருக்குக் காது மந்தம். மெயிலைச் சத்தமாத்தான் படிப்பார். அவர் பொண்ணு எழுதுறதெல்லாம் எனக்குக் கேட்கும்." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "கப்பல்ல தூக்கம் வரலைன்னா எழுதுவா. காய்கறி தீர்ந்துடுச்சுன்னு எழுதுவா. ஒரு நாள் திமிங்கிலத்தைப் பார்த்தாளாம், அப்பா மாதிரியே பெருமூச்சு விட்டுச்சாம். கடைசியில எப்பவும், 'முழங்கால் எப்படி இருக்கு, மாடிப்படி மெதுவா ஏறுங்க'ன்னு இருக்கும். அந்த ஒரு வரியை நான் என்னைக் கேட்ட மாதிரி எடுத்துப்பேன். ஏங்க, ஒரு நாளைக்கு அந்த ஒரு வரிதான் எனக்கு. அது நடுவுல உங்க கால்சட்டை தொங்கினா நான் என்ன பண்ணட்டும்?"

அப்போது எதிர் ஜன்னலிலிருந்து ஊரே கேட்கும் ரகசியக் குரல் வந்தது: "தயாரா இருக்கேன்மா! நீட்டவா?"

நர்ஸ் பழக்கத்தில் வலது கையைத் தூக்கினாள். தோள் வரை போவதற்குள் முகம் வெளுத்துக் கை தானாக இறங்கியது. மேடம் எதுவும் சொல்லாமல் செல்போனைச் செயலாளரின் உள்ளங்கையில் வைத்தார். மனிதர் அதைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு வில்லை குத்திய மார்போடு ஜன்னலுக்குப் போய், கையை நீட்டினார்.

"கொஞ்சம் வலது பக்கம்!" என்றது எதிர்க் கட்டடம். "இன்னும் கொஞ்சம்! ஆடாதீங்க!"

"சார், வெயில்" என்று சில்லறை குடையை விரித்து அவருடைய இன்னொரு கையில் கொடுத்தான். போன் கீச்சென்றது. இரண்டு கண்களும் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

அந்த நேரம் பார்த்துச் செயலாளரின் சட்டைப் பையில் இருந்த சொந்த போன் அலறியது. இரண்டு கையும் மாட்டிக்கொண்ட மனிதர் என்ன செய்வார்? நகர்ந்தால் மெயில் அறுந்துவிடும். கட்டிலில் இருந்தபடியே அவருடைய மனைவி கையை நீட்டி அதை எடுத்தாள்.

"ஆமா, அவர் வீடுதான். நர்ஸா? இல்லைங்க, அவங்க வரமாட்டாங்க. திருடினது வேற ஆள், பிடிபட்டாச்சு. எழுதிக் குடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வண்டியை எடுத்துட்டுப் போங்க."

ஜன்னல் பக்கமிருந்து மறுப்பு எதுவும் வரவில்லை. நர்ஸ் துணிப்பையை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் டிரைவரின் குரல் சந்து முழுக்கக் கணீரென்று ஒலித்தது. இன்று கடல் அமைதியாக இருக்கிறதாம். எஞ்சின் அறையில் யாரோ வழுக்கி விழுந்தார்களாம், அடி பெரிதில்லையாம்.

நீட்டிய கை வலிக்க ஆரம்பித்தது. செயலாளர் இறக்கவில்லை. வெளியே பார்த்தபடியே, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறப்பது போலத் தொண்டையைச் செருமினார்.

"கால்... எப்படி இருக்கு?"

அவர் எதிர் ஜன்னலைப் பார்த்துக் கேட்டதால் அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னையா கேட்டீங்க?"

"உன்னைத்தான்."

மேடம் சில்லறையின் முழங்கையைத் தொட்டார். இருவரும் ஓசைப்படாமல் வெளியேறிக் கதவைச் சாத்தினார்கள். சாத்தும்போது சில்லறைக்கு அந்த அம்மாளின் குரல் கேட்டது. அவள் விழுந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தாள்.